கூண்டு ஏறும்போது விசுவாசி என்ன செய்ய வேண்டும்?



இந்த மாதத் தியானத்திற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 44 வசனங்களையும் வீட்டில் ஒருவர் சத்தமாய் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கடல் தெரியாத ஊர்க்காரர்களுக்கு இந்த அதிகாரம் கொஞ்சம் கடினம். நமக்கு அப்படியல்ல. தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய் வந்த தகப்பன்மார் நம் சபையில் இருக்கிறார்கள். பாய் இறக்குவது, நங்கூரம் போடுவது, சரக்கைத் தூக்கிக் கடலில் எறிவது எல்லாம் அவர்களுக்குப் புரியும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் நம் துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது. "ஒண்ணாம் நம்பர் ஏத்திட்டாக, மூணாம் நம்பர் ஏத்திட்டாக" என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். ஆனால் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. 1 என்றால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 2 என்றால் அது புயலாகிவிட்டது. 3, 4 என்றால் நம் துறைமுகத்திற்கே பலத்த காற்று வரக்கூடும். 5-லிருந்து 10 வரை அபாயம், மகா அபாயம். புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்குமா, வலப்பக்கமா, நேர்மேலேயா என்றுகூட அந்த எண் சொல்லும். பகலில் கூம்பும் உருளையுமாய்த் தொங்கும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாய் விளக்கு எரியும். கடைசி எண் 11. வானிலை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துபோயிற்று, ஆனாலும் மோசமான வானிலை வருகிறது என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்பதே அதன் பொருள். இந்த 11-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதைப்பற்றி ஏன் எழுதுகிறேன்? சில மாதங்களுக்கு முன் சாட்சி வேளையில் ஒரு தம்பி எழுந்தான். "மூணாம் நம்பர் கூண்டு ஏறியிருந்திச்சு பாஸ்டரய்யா. எல்லாரும் போகாதேன்னாங்க. நான் ஜெபம் பண்ணிட்டு வள்ளத்தைத் தள்ளிட்டேன். நல்ல பாடு. கர்த்தர் காத்தாரு" என்றான். சபை அல்லேலூயா என்றது. நான் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து நின்று, "இனிமே இவுக ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் போவாக, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்று அழுதாள். அந்த ஒரு வார்த்தைதான் இந்தச் செய்தி.

பவுல் ஏறிய கப்பலைப் பாருங்கள். காலம் பிந்திவிட்டது. உபவாச நாளும் கழிந்துபோயிற்று. அதாவது அந்தக் கடலில் பிரயாணம் பண்ணத் தகாத பருவம் ஆரம்பித்துவிட்டது. கிரேத்தா தீவில் "நல்ல துறைமுகம்" என்ற இடத்தில் கப்பல் நிற்கிறது. அங்கே பவுல் எழுந்து, இந்தப் பயணம் சரக்குக்கும் கப்பலுக்கும் மாத்திரமல்ல, நம்முடைய ஜீவனுக்கும் சேதமாய் முடியும் என்று எச்சரிக்கிறார். தரிசனம் கண்டேன் என்றோ தூதன் வந்து சொன்னான் என்றோ அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. தூதன் வந்தது பிற்பாடுதான். இங்கே பேசுவது அனுபவம். அதற்கு முன்னமே மூன்று முறை கப்பற்சேதத்தில் இருந்தவர் அவர், ஒரு இராப்பகல் முழுவதும் ஆழ்கடலில் கிடந்தவர். அந்த அனுபவத்தையும் தேவன்தான் கொடுத்திருந்தார்.

நூற்றுக்கு அதிபதி யாரை நம்பினான்? மாலுமியையும் கப்பல் எஜமானையும். அந்தத் துறைமுகம் குளிர்காலத்தில் தங்க வசதியில்லையாம், இன்னும் கொஞ்சம் போனால் பேனிக்ஸ் வசதியாய் இருக்குமாம். பெரும்பான்மையோர் கருத்தும் அதுவே. அப்போது தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசுகிறது. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று நங்கூரம் எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் வந்து மோதிற்று. பதினான்கு இரவுகள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

நம் கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த முன்னோர்கள் இந்த மெல்லிய காற்றை நம்பமாட்டார்கள். முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் மாசி பங்குனியில் கடல் அமர்ந்திருக்கும்போதுதான் பாருக்குப் போவார்கள். 1961-ல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அவர்கள் கற்றுக்கொடுத்தது போகக்கூடாது. காற்று திரும்பிவிட்டால் எவ்வளவு முத்து கீழே கிடந்தாலும் அவர்கள் படகைக் கரைக்குத் திருப்புவார்கள். அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொன்னதில்லை.

தனுஷ்கோடிக்கு வருவோம். இன்றைக்கு அங்கே போகிற பிள்ளைகள் இடிந்த கோவில் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருகிறார்கள். 1964-க்கு முன் அது ஒரு முழு ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. சென்னையிலிருந்து போட் மெயில் அங்கே வரும், இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். டிசம்பர் 17-ந் தேதி அந்தமான் பக்கம் ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. இரண்டு நாளில் அது கடும் புயலாயிற்று. 22-ந் தேதி இலங்கையில் வவுனியா வழியாகக் கடந்து, அன்று நடு இரவில் தனுஷ்கோடியின்மேல் விழுந்தது. ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்பி வந்ததாய்ச் சொல்லுகிறார்கள். இரண்டு மாடி வீட்டின் உயரம்!

அந்த இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து 653-ம் எண் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார், பிறகு நீளமாய் விசில் ஊதிக்கொண்டு வண்டியை எடுத்தார் என்று சொல்லுவார்கள். சில நூறு கஜம் போயிருக்கும், கடல் ரயிலை மூடிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எத்தனைபேரோ, அது எந்தக் கணக்கிலும் இல்லை. இரு நாடுகளிலுமாய் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பார்கள்.

அந்த ஓட்டுநரை நான் குற்றப்படுத்தவில்லை. இருட்டில், மழையில், வீட்டுக்குப் போகத் துடிக்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு நின்ற ஒரு வேலைக்காரர் அவர். ஆனால் அன்று இரவு அந்த ஊரின் நிலைமை பதினொன்றாம் எண் கூண்டு. சிக்னல் பேசவில்லை. நாம் என்ன நினைக்கிறோம்? சிக்னல் ஒன்றும் சொல்லாவிட்டால் போகலாம் என்று நினைக்கிறோம். கடல்காரனுக்குச் சத்தம் அற்றுப்போவதே ஒரு சத்தம். கூண்டுகளிலேயே கடைசி எண்ணை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. 1900 செப்டம்பர் 8-ந் தேதி கால்வெஸ்டன் என்ற துறைமுகப் பட்டணத்தைப் புயல் அழித்தது. 6,000 பேருக்குக் குறையாமல் செத்தார்கள், அதைவிட மிக அதிகம் என்றும் சொல்லுவார்கள். கியூபா தீவில் பல வருடங்களாய்ப் புயலைக் கவனித்துவந்த கத்தோலிக்கப் பாதிரிமார் இருந்தார்கள். ஆகாயத்தையும் மேகத்தையும் பார்த்தே சொல்லத்தக்கவர்கள். அமெரிக்க வானிலை இலாகா அவர்களை மதிக்கவில்லை, கியூபாவிலிருந்து வரும் புயல் தந்திகளையே தடுத்து வைத்திருந்தது. அவர்கள் பார்வையில் அந்தப் பாதிரிமார் கட்டுப்பட்ட கைதியாகிய பவுலைப்போலத்தான். கைதி பேச்சை யார் கேட்பார்?

இனி, நம்மிடையே நடமாடுகிற ஒரு பேச்சைத் தொட வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

புயல் வந்து ஒரு ஊர் அழிந்தால், "அந்த ஊர்ப் பாவம் ஐயா, விக்கிரக ஆராதனை, அதான்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடியைப்பற்றி இப்படிப் பிரசங்கித்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நான் கேட்கிறேன், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிறது என்ன? கிறிஸ்தவ ஆலயம். பவளப்பாறைக் கல்லால் கட்டிய ஆலயம். புயல் ஆலயத்தையும் இடித்தது, ஸ்டேஷனையும் இடித்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அதற்குமேல் நாம் யார் தீர்ப்புச் சொல்ல? நீதிமான் வயலிலும் அநீதிமான் வயலிலும் அவர் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று வேதம் சொல்லுகிறதே.

உடனே யோனாவைக் கொண்டுவருவார்கள். சரி, யோனாவையே பார்ப்போம். அந்தக் கப்பலில் குற்றவாளி யார்? ஜீவனுள்ள தேவனை அறிந்த தீர்க்கதரிசி. கீழ்த்தட்டில் படுத்துத் தூங்கினதும் அவன்தான். புறஜாதி மாலுமிகள் தங்களுக்குத் தெரிந்தபடி ஜெபித்தார்கள், அவனைக் கடலில் போட மனமில்லாமல் கரைசேர வலித்துப் பார்த்தார்கள். யோனாவின் கதையை எடுத்துப் பிறரைக் குற்றப்படுத்துகிற விசுவாசி, அந்தக் கப்பலில் தன் இடம் எது என்று முதலில் தேடட்டும்.

2017-ஐ எண்ணிப் பாருங்கள். ஒக்கிப் புயல். நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரிக் கடலில் சில மணி நேரத்துக்குள் பெலங்கொண்டது. கரையில் எச்சரிக்கை சொல்லும்போது ஆழ்கடல் தொழிலுக்குப் போன பிள்ளைகள் ஏற்கெனவே பல நாள் தூரத்தில் இருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலுமாய் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. ஜெபிக்கிற குடும்பங்கள், ஞாயிறு தவறாதவர்கள். அவர்கள் எச்சரிப்பைத் தள்ளினவர்கள் அல்ல. எச்சரிப்பு அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற வாய் கர்த்தருக்கு முன்பாக அடங்கியிருக்கட்டும். சரீரமும் கிடைக்காமல், கல்லறையும் இல்லாமல் காத்திருந்த தாய்மாரிடம் போய், உன் மகனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லத் துணிவு இருக்கிறதா?

எச்சரிப்பு வந்து சேர்ந்து, ஜனங்கள் அதைக் கேட்டால் என்ன நடக்கும்? அதையும் இதே வங்காள விரிகுடாவில் பார்த்துவிட்டோம். 1970 நவம்பர் 12-ந் தேதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாய் இருந்த இடத்தில் போலா புயல் அடித்தது. 3 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே இரவில் போய்விட்டார்கள். உலக சரித்திரத்தில் புயலால் இத்தனைபேர் செத்தது வேறெங்கும் இல்லை. அதற்குப்பின் அந்த ஏழை தேசம் கிராமம் கிராமமாய் ஆள் சேர்த்தது. கையில் மெகாபோன், கைச் சைரன், கொடி. மேட்டில் சிமெண்ட் கட்டிடங்கள். வேலை உடனே முடியவில்லை. 1991-லும் 1,38,000 பேர் மாண்டார்கள். ஆனால் 2007-ல் சிதர் என்ற கொடும் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400. நம் ஒரிசாவில் 1999 அக்டோபரில் ஏறக்குறைய 10,000 உயிர் போயிற்று. 2013-ல் அதே கரையில் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், மரணம் சில டஜன்களோடு நின்றுவிட்டது. காற்று இரக்கம் காட்டவில்லை. ஒருவன் மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினான், உள்ளே இருந்தவன் எழுந்து போனான். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கதவைத் தட்டின கையைக் கர்த்தருடைய கை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வெளியூர் எதற்கு, 2023 டிசம்பர் 17, 18-ஐ நம்மில் யார் மறப்பார்? அது புயல்கூட அல்ல, குமரிக்கடல் மேல் ஒரு காற்றுச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஒரு வருஷம் முழுக்க நமக்குப் பெய்கிறதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது, ஏரல் மூழ்கியது, கோரம்பள்ளம் குளம் உடைந்து டவுனுக்குள் வந்தது. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்ப் பாதை அந்தரத்தில் தொங்கிற்று. வண்டியில் சுமார் 800 பேர். அவர்களில் எத்தனைபேர் அந்த இரவில் முறுமுறுத்திருப்பார்கள், "எடுங்கய்யா வண்டியை" என்று! ஸ்டேஷன் மாஸ்டர் எடுக்கவிடவில்லை. இரண்டு நாள் தண்ணீர் நடுவே நின்றார்கள், எல்லாரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். 1964-ல் நின்று பார்த்துப் புறப்பட்ட ரயிலையும், 2023-ல் புறப்படாமல் நின்ற ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 800 பேருக்கும் யார் சோறு போட்டார்கள்? பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர், ஆனாலும் இருந்த அரிசியைப் போட்டுக் கோவிலில் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்காக நான் ஆண்டவரைத் துதிக்கிறேன். அவர்கள் நம் சபையார் இல்லையே என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.

இப்போது அந்தத் தம்பியிடம் வருகிறேன். விசுவாசம் இருக்கிறவனுக்குக் கூண்டு எதற்கு என்று நீ கேட்கிறாய். தேவாலயத்து உப்பரிகையில் ஆண்டவரை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யார்? பிசாசு. அவனும் வசனத்தைக் காட்டித்தான் சொன்னான். ஆண்டவர் குதித்தாரா? விசுவாசம் இல்லாததினாலா குதிக்கவில்லை? கூண்டு ஏறியபின் வள்ளத்தைத் தள்ளுவதும் அந்த உப்பரிகைதான். படகில் இருந்து காற்றை அதட்டினது அவர். நாம் அவரல்ல. பவுலுக்கோ ஒருவனும் சாகமாட்டான் என்று தேவ வாக்கே கிடைத்திருந்தது. ஆனாலும் மாலுமிகள் தப்பி ஓடப்பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று சொல்லி நிறுத்தினார். கடைசியில் மெலித்தாவில் எப்படிக் கரையேறினார்கள்? நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மற்றவன் பலகையைப் பிடித்துக்கொண்டான். வாக்குத்தத்தமும் வேண்டியிருந்தது, பலகையும் வேண்டியிருந்தது. முழு இரவு ஜெபம் செய்வோம், உபவாசிப்போம். கரையில் இருந்து செய்வோம்.

"சொல்லுறது லேசு பாஸ்டரய்யா. கடலுக்குப் போகலைன்னா அடுப்பு எரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விசைப்படகுக்கு டோக்கன் நிறுத்திவிடுவார்கள். நாட்டுப்படகும் வள்ளமும் வைத்திருக்கிறவன் பசிக்காகத்தான் திருட்டுத்தனமாய்த் தள்ளுகிறான், விசுவாசத்தினால் அல்ல. இதை நாமெல்லாரும் அறிவோம். அவனைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தால், அவன் வீட்டு அடுப்பைப் பார்க்கவும் எனக்குக் கை இருக்க வேண்டும். முத்துக்குளிக்கிறவன் கீழே போகும்போது மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழே இருந்து ஒரு இழுப்பு, இவன் தூக்கிவிடுவான். கயிற்றைப் பிடிக்கிறவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மூச்சை நன்றாய் அடக்கு என்று மாத்திரம் சொன்னால் எப்படியிருக்கும்?

பதினான்காம் நாள் விடிகிற நேரம் பவுல் என்ன செய்தார் தெரியுமா? பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிடுங்கள் என்றார். அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் ஸ்தோத்திரம் செலுத்தி, தானும் சாப்பிட்டார். கப்பலில் 276 பேர், போர்ச்சேவகன், கைதி, புறஜாதி மாலுமி எல்லாரும் சாப்பிட்டுத் திடன்கொண்டார்கள்.

ஆகவே மூப்பர்களோடு பேசி ஒரு காரியம் தீர்மானித்திருக்கிறோம். ஞாயிறுதோறும் சகோதரிகள் கொண்டுவருகிற கைப்பிடி அரிசி, ஐப்பசி முதல் தை வரைக்கும் தனி மூட்டையாய் வைக்கப்படும். மூன்றாம் எண்ணோ அதற்கு மேலோ கூண்டு ஏறின அன்றே, தொழிலுக்குப் போகாமல் நிற்கிற வீடுகளுக்கு அது போய்ச் சேரும். விசுவாசி வீடா, இல்லையா என்று பார்க்கப்படாது. தெருவுக்கு இரண்டு வாலிபர்கள் கூண்டு நிலவரத்தைக் கேட்டு வீடு வீடாய்ச் சொல்ல வேண்டும். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் படகின் பெயர், கூடப்போகிற ஆட்கள், திரும்புகிற நாள் மூன்றையும் ஆராதனை மண்டப வாசலில் வைத்திருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஆள் இருக்கும். முதல் மூட்டைக்கு அந்தத் தம்பியின் மனைவி போன ஞாயிறே ஒரு படி அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.